ஜனானா கதவைத் தாண்டிப் போன வக்கீலம்மா

கேள்வி இது: சுஜாதா மாஸி எழுதிய 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' நாவலில், 1921-ல் பம்பாயில் பர்வீன் மிஸ்திரி என்ற இளம் பார்ஸி வக்கீல் ஒரு கொலையைத் துப்பறிகிறாள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் இருந்திருக்க முடியுமா? இல்லை, இந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பழைய புடவையைக் கட்டிவிட்டு எழுதிய கதையா? படிக்கலாமா?

படிக்கலாம். எப்படிப் படிக்கலாம் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். முப்பது வருஷம் சிவில் பக்கம் வக்கீலாக இருந்தவன் நான், துப்பறியும் கதைப் பைத்தியமும் உண்டு. இரண்டும் ஒரே புத்தகத்தில் சந்திப்பது எனக்கு அபூர்வம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த சுஜாதா நம் கணேஷ்-வசந்த் சுஜாதா அல்ல. இவர் பெண். அப்பா இந்தியர், அம்மா ஜெர்மானியர், பிறந்தது இங்கிலாந்தில், வளர்ந்தது அமெரிக்காவில். இந்த நாவல் 2018-ல் வந்தது. சரித்திர மர்ம நாவலுக்கான அகதா விருதும், மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் விருதும் வாங்கியது. சில நாட்டுப் பதிப்புகளில் 'மர்டர்' என்று தொடங்கும் வேறு தலைப்பில் இருக்கிறது. இரண்டு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். எனக்கு அந்த அனுபவம் ஆயிற்று.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். மலபார் ஹில்லில் ஒரு பெரிய பங்களா. முஸ்லிம் மில் முதலாளி ஒருவர் இறந்துவிட்டார். அவருக்கு மூன்று மனைவிகள், மூவரும் கோஷாவில் இருப்பவர்கள், வெளி ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். வீட்டையும் பணத்தையும் பார்த்துக்கொள்வது ஓர் ஏஜென்ட். இந்தக் குடும்பம் பர்வீனின் அப்பா ஜம்ஷெட்ஜியின் கட்சிக்காரர்கள். அப்பாவின் ஆபீஸில் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பர்வீனுக்கு ஒரு கடிதம் கண்ணில் படுகிறது. மூன்று விதவைகளும் தங்களுக்குச் சேரவேண்டியதை ஒரு தர்மத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அதில் இருக்கிறது. ஒருத்தி கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். படிக்கவே தெரியாதவள் எதைப் படித்துச் சம்மதித்தாள்? எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் மூவரும் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்? கேட்டுவிட்டு வரலாம் என்று பர்வீன் போகிறாள். அப்புறம் அந்த வீட்டிலேயே ஒரு கொலை விழுகிறது.

பெண் துப்பறியும் சரித்திர நாவல்களில் வழக்கமாக என்னைக் கடுப்பேற்றும் விஷயம் ஒன்று உண்டு. கதாநாயகியை எங்கேயும் உள்ளே விட ஆசிரியரே வாசலில் நின்று கதவைத் திறந்துவிடுவார். போலீஸ் அதிகாரி அவள் அழகில் மயங்குவார், டாக்டர் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தூக்கிக் கொடுப்பார், சாட்சிகள் வலியவந்து பேசுவார்கள். இந்த நாவலில் நிலைமை தலைகீழ். போலீஸும் ஆண் வக்கீலும் போக முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஜனானாவுக்குள், அதாவது கோஷாப் பெண்கள் வசிக்கும் அந்தப்புரத்துக்குள், போகப் பெண்ணால் மட்டும்தான் முடியும். அந்த மூன்று பெண்களுக்கும் கோர்ட், பத்திரம், சட்டம் தெரிந்த ஒரு பெண் தேவை. பம்பாயில் அப்படி ஒருத்தியைத் தேடினால் பர்வீன்தான் கிடைப்பாள். அவள் உள்ளே போவதற்கு ஆசிரியரின் தயவு வேண்டியிருக்கவில்லை, அந்தக் காலத்து வழக்கமே அவளை உள்ளே அனுப்புகிறது. நாவல் நம்பும்படி இருப்பதற்கு இதுதான் அஸ்திவாரம்.

இது ஆசிரியரின் கற்பனை மட்டும் அல்ல என்பதற்கு 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினால் போதும். நாட்டு வழக்கப்படி பொது இடத்துக்கு வரக்கூடாத பெண்களை நேரில் ஆஜராகும்படி கோர்ட் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 132-வது பிரிவு. சாட்சியம் வேண்டுமென்றால் கமிஷனரை நியமித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலை எழுதிக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேசுவது அந்த அம்மாள்தான் என்று யார் அடையாளம் சொல்வது? வீட்டு ஆண்பிள்ளை. அந்த வீட்டு ஆண்பிள்ளையே மோசடிக்காரனாக இருந்தால்? துப்பறியும் கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இந்த ஆபத்து அன்றைய நீதிபதிகளுக்கும் தெரியும். அன்றைய இந்தியாவுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 19-ம் நூற்றாண்டிலிருந்தே ஒரு கொள்கையை வளர்த்து வந்தது. கோஷாப் பெண்ணிடம் எழுதி வாங்கிய பத்திரத்தை வைத்து உரிமை கேட்கிறவன், அவளுக்கு அது விளக்கப்பட்டது, புரிந்தது, அவள் சுயமாகச் சம்மதித்தாள் என்பதை நிரூபிக்க வேண்டும். ஏமாந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் அவள் தலையில் இல்லை. அந்தக் கொள்கை பிற்பாடு எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், வயதானவர்கள் வரைக்கும் நீண்டது. நானே அதை வைத்து வாதாடியிருக்கிறேன். கடன் பத்திரம் என்று நினைத்து ஒரு பாட்டி இடது கைப் பெருவிரலை வைத்துக் கொடுத்தது, வீட்டையே மருமகனுக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட். 'படிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்ற வரி அழகாகக் கடைசியில் இருந்தது. படித்துக் காட்டியது யார் என்று கேட்டேன். மருமகன்தான். அதனால் பர்வீன் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்து நிமிர்ந்து உட்காரும் இடத்தில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த விதவைகளுக்கு என்னதான் சேரவேண்டும் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு படித்தால் நாவல் இன்னும் ருசிக்கும். இஸ்லாமியச் சட்டப்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மனைவிகள் எத்தனை பேராக இருந்தாலும் அந்த எட்டில் ஒன்றைத்தான் பங்கிட வேண்டும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 24-ல் ஒன்று. அதாவது 24 லட்சம் சொத்துக்கு ஒரு லட்சம். ஆனால் மஹர் அந்தப் பங்கில் சேராது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது அது. கொடுக்காமல் செத்துப்போனால் அவர் சொத்தின் மேல் கடனாக நிற்கும், வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கடன். விதவையின் கையில் இருக்கும் உருப்படியான ஆயுதம் அதுதான். அதையும் ஒருத்தி சும்மா எழுதிக் கொடுக்கிறாள் என்றால் யாரோ அவளை எழுத வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிப்பதற்குத் துப்பறியும் மூளை வேண்டாம், சட்டம் தெரிந்தால் போதும்.

அடுத்தது வக்பு, அதாவது இஸ்லாமிய முறைப்படி தர்மத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவைக்கும் சொத்து. கடிதத்தில் வரும் தர்மமும் அதுதான். தன் குடும்பத்துக்கே பயன்படும்படி சொத்தை வக்பு ஆக்குவது செல்லுமா என்பது அந்தக் காலத்துப் பெரிய சண்டை. தர்மம் என்பது பேருக்குத்தான், பலன் முழுக்கக் குடும்பத்துக்கு என்றால் செல்லாது என்று 1894-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முஸ்லிம்களிடையே பெரிய அதிருப்தி. அதை மாற்றக் குடும்ப வக்பு செல்லும் என்று 1913-ல் சட்டம் வந்தது. அந்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நடத்திச் சென்றவர் பம்பாய் வக்கீல் ஒருவர், முகமது அலி ஜின்னா. (ஐந்து வருஷம் கழித்து இதே ஊரில் ஒரு பார்ஸிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு பார்ஸிகளைக் கொதிக்க வைத்தவரும் அவர்தான்.) வக்பு சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1923-ல்தான் வந்தது, குடும்ப வக்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் பொருந்தாது. ஆக, 1921-ல் ஒரு வீட்டு வக்புவின் பணம் எங்கே போகிறது என்று கேட்கச் சட்டத்தில் பெரிதாக வழியில்லை. நேரில் போய் அந்தப் பெண்களிடம் கேட்டால்தான் உண்டு. இதெல்லாம் நாவலில் பாடமாக வராது. நான் சொல்வது பின்னணி. ஆனால் ஆசிரியர் 1921-ஐத் தேர்ந்தெடுத்தது வெறும் அலங்காரத்துக்கு இல்லை என்று இதனால் தெரிகிறது.

சரி, அப்படி ஒரு பெண் இருந்தாரா? கொலையைத் துப்பறியாவிட்டாலும், ஜனானாக்களுக்குள் போய் வந்த வக்கீலம்மா ஒருவர் நிஜமாகவே இருந்தார். கொர்னீலியா சொராப்ஜி. 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவரான பார்ஸி. கொர்னீலியா புனா டெக்கான் கல்லூரியில் முதலாவதாகத் தேறினார். அந்தத் தேர்ச்சிக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும், பெண் என்பதால் கொடுக்கவில்லை. அங்கே இருந்த சில நண்பர்கள் பணம் திரட்டினார்கள். கொடுத்தவர்களில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889-ல் ஆக்ஸ்ஃபர்டு சோமர்வில் கல்லூரியில் சேர்ந்து, 1892-ல் சட்டத் தேர்வு எழுதினார். ஆக்ஸ்ஃபர்டில் அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண். பட்டம்? அது கைக்கு வந்தது 1922-ல். முப்பது வருஷம் கழித்து.

படித்துவிட்டு வந்தவரைக் கோர்ட்டுகள் உள்ளே விடவில்லை. 1904-ல் வங்காளத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் பெண் சட்ட உதவியாளர் என்ற பதவியை அவருக்காகவே உண்டாக்கினார்கள். வாரிசு மைனராக இருக்கும் ஜமீன்களையும், கோஷாவில் இருக்கும் ராணிகள், விதவைகள் சொத்தையும் அரசாங்கம் நிர்வகிக்கும் துறை அது. வங்காளம், பீகார், ஒரிஸா, அஸ்ஸாம் என்று சுற்றி, அந்தப்புரத்துக்குள் உட்கார்ந்து அந்தப் பெண்களின் சொத்து வழக்கு, பிள்ளைகள் படிப்பு, சமயத்தில் உயிருக்கே வரும் ஆபத்து எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை எழுதினார். சுமார் 600 பெண்களுக்கு உதவியதாகச் சொல்கிறார்கள். அவர் எழுதி வைத்ததில் ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. ஒரு சமஸ்தானத்தில் ஒரு யானைக்காக வாதாடப் போனார். நீதிபதி அந்த ஊர் ராஜா. இவர் வாயைத் திறக்கும் முன்பே வழக்கு ஜெயித்துவிட்டது என்றாராம் ராஜா. ஏனென்று கேட்டால், 'என் நாய்க்கு உங்களைப் பிடித்திருக்கிறது.'

ஆனால் பர்வீனை அப்படியே கொர்னீலியா என்று எண்ணிவிடக் கூடாது. கொர்னீலியா ஆங்கில ஆட்சியின் தீவிர ஆதரவாளர், காந்தியை எதிர்த்தவர். பர்வீனுக்கு மனம் சுயராஜ்யத்தின் பக்கம். வயதிலும் அரசியலிலும் அவள் மிதான் டாட்டாவுக்குத்தான் நெருக்கம். 1898-ல் பிறந்த மிதான், 1919-ல் தாயார் ஹீராபாயோடு லண்டன் போய், இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பேசினார். 1923-ல் லண்டனில் பாரிஸ்டர்களை உருவாக்கும் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆகி, பம்பாய் ஹைகோர்ட்டில் தொழில் செய்த முதல் பெண் பாரிஸ்டர் ஆனார். இந்த இருவரும்தான் பர்வீனுக்கு முன்மாதிரி என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.

இங்கே வக்கீலாக ஒரு முணுமுணுப்பு. பர்வீன் 1921 பிப்ரவரியிலேயே சொலிசிட்டராக இருக்கிறாள். நிஜ வரலாறு அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. 1916-ல் ரெஜினா குஹா என்ற பெண் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, சட்டத்தில் இருக்கும் 'நபர்' என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்றது கல்கத்தா ஹைகோர்ட். அதையே சொல்லிப் பாட்னா ஹைகோர்ட் சுதான்சு பாலா ஹஸ்ராவைத் திருப்பி அனுப்பியது. 1921-ல் அலகாபாத் மட்டும் கொர்னீலியாவைப் பதிவு செய்துகொண்டது. இந்தியா முழுக்கப் பெண்களுக்குக் கதவு திறந்தது 1923-ம் வருஷத்துச் சட்டத்தில்தான். இங்கிலாந்திலேயே முதல் பெண் சொலிசிட்டர்கள் வந்தது 1922 கடைசியில். ஆக, ஆசிரியர் கடிகாரத்தை ஒன்றிரண்டு வருஷம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். அதற்குப் பரிகாரமாக அவளைக் கோர்ட்டில் நிறுத்தி வாதாட விடுவதில்லை. அப்பா வாதாடுவார், இவள் பத்திரம் எழுதுவாள், கட்சிக்காரர்களைப் பார்ப்பாள். எனக்கு இது ஏற்புடையதே. கோர்ட்டில் கர்ஜிக்கும் கதாநாயகியாக எழுதியிருந்தால் புத்தகத்தை அப்போதே மூடியிருப்பேன்.

இப்போது இந்த நாவலின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். கொலை அல்ல அது. நடுநடுவே கதை 1916-க்குப் போகிறது. பம்பாய் சட்டக் கல்லூரியில் ஒரே பெண்ணாகப் படித்து, சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் தவிக்கும் பர்வீன். அப்போது கல்கத்தாவிலிருந்து வரும் அழகான ஒரு பார்ஸி இளைஞன். காதல், அவசரக் கல்யாணம், கல்கத்தா மாமியார் வீடு. அந்த வீட்டில் பழைய ஆசாரம். மாதவிடாய் நாட்களில் பெண்ணைத் தனியாக ஒரு சிறு அறையில் வைத்துவிடுவார்கள். குளிக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. பார்ஸிகள் அந்த நிலையை 'பினமாஸி' என்பார்கள், தொழுகைக்கு ஆகாதவள் என்று பொருள். நமக்கு இது விளக்க வேண்டிய விஷயமே இல்லை. 'வீட்டுக்குத் தூரம்' என்று நம் பாட்டிகள் கொல்லைப்புற அறையில் உட்கார்ந்திருந்ததுதான். ஆக்ஸ்ஃபர்டு போவதற்கு முன்னால் அந்த அறையில் அடைபட்டிருந்தவள் என்பதால், ஐந்து வருஷம் கழித்து மலபார் ஹில் வீட்டில் துளை வேலைப்பாடு செய்த ஜாலித் திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களைப் பர்வீன் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் வாய் திறப்பார்கள், எதைக் கேட்டால் மூடிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது. இந்த இரண்டு காலங்களும் மாறிமாறி வருவது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கோ 1916 பகுதி வரும்போதெல்லாம் கொலையே மறந்துவிட்டது.

அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்பதில் இன்னொரு சட்டப் புதிர் இருக்கிறது. பார்ஸிகளுக்கென்று 1865-ல் ஒரு திருமணச் சட்டம் இருந்தது. மனைவி தவறு செய்தால் கணவனுக்கு விவாகரத்து உண்டு. கணவன் தவறு செய்தால்? இன்னொருத்தியோடு போனால் உண்டு, ஆனால் அவள் விலைமாதாக இருந்தால் கிடையாது என்று சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு எழுதியிருந்தார்கள். மனைவியை அடித்துக் கொடுமைப்படுத்தினால் அதை மட்டும் வைத்து விவாகரத்து வாங்க முடியாது. கோர்ட் மூலம் தனித்து வாழும் உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். அதாவது பிரிந்து இருக்கலாம், மறுமணம் செய்ய முடியாது. இந்தச் சட்டம் மாறியது 1936-ல். பர்வீன் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறாள் என்பதை இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும். அடுத்தடுத்த புத்தகங்களில் அவள் மனம் எங்கே சாய்ந்தாலும், இந்தச் சட்டம் கூடவே வந்து நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குறைகளும் உண்டு. ஆலிஸ் என்ற ஆங்கிலத் தோழி ஒருத்தி வருகிறாள். ஆக்ஸ்ஃபர்டு சிநேகிதி, அப்பா அரசாங்கத்தில் பெரிய பதவி. முடிச்சு எங்கே இறுகுகிறதோ அங்கெல்லாம் ஆலிஸ் வந்து அவிழ்த்துவிடுகிறாள். நான் மேலே திட்டிய வாசல் திறந்துவிடும் வேலையை இவளுக்குக் கொடுத்துவிட்டார் ஆசிரியர். போலீஸ் பாத்திரங்கள் சப்பை. கொலையாளி யார் என்பதைப் பழுத்த வாசகர் கொஞ்சம் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடலாம். இந்திய வாசகருக்குத் தெரிந்த சில விஷயங்களை வெளிநாட்டு வாசகருக்காக நின்று விளக்குகிறார், அங்கே கொஞ்சம் வேகமாகப் புரட்டலாம். ஆனால் சாப்பாடு வரும் பக்கங்களைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பார்ஸி வீட்டின் சமையலறையும் ஃபோர்ட் பகுதி இரானி ஹோட்டலும் இவ்வளவு வாசனையோடு ஒரு கொலைக் கதையில் வந்து நான் படித்ததில்லை.

தொடரை வரிசையாகப் படிப்பது நல்லது. இரண்டாவது நாவலில் சஹ்யாத்ரி மலையில் ஒரு கற்பனைச் சமஸ்தானம், இளவரசனின் படிப்பு பற்றிச் சண்டை போடும் இரண்டு ராணிகள். கொர்னீலியா நிஜத்தில் பார்த்த வேலைக்கு இதுதான் மிக அருகில் வருகிறது. மூன்றாவது 1921 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கிய சமயத்தில் நடக்கிறது. நவம்பர் 17-ம் தேதி அவர் வந்த அன்றே கலவரம் வெடித்தது, நிஜ வரலாறு. வரவேற்கப் போன பார்ஸிகள் தெருவில் அடிபட்டார்கள், சில நாட்களில் 50 பேருக்கு மேல் செத்தார்கள், காந்தி உண்ணாவிரதம் இருந்தார். சுயராஜ்யத்தை ஆதரிக்கும் பார்ஸிப் பெண்ணுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் தொடரில் அதுதான் முதலிடம். நான்காவதில் ஓர் ஆயா கருக்கலைப்புக் குற்றத்துக்காகக் கைதாகிறாள். முதல் புத்தகத்தை முடிக்கும் முன் மற்றவற்றின் பின்னட்டையைப் படித்துவிடாதீர்கள், கல்கத்தாக் கல்யாணத்தின் முடிவு தெரிந்துபோகும்.